பாசிப் பயிரும் அதன் காவலும்

செகிஞ்சான் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சிகள் இரண்டு. ஒன்று, அடிவானம் வரை விரிந்து கிடக்கும் நெல்வயல். மற்றொன்று, மீன்பிடிப் படகுகள் அணிவகுத்து நிற்கும் கழிமுகம். வயலில் விளைவதைப் பயிர் என்கிறோம். கடலில் கிடைப்பதைப் பயிர் என்று யாரும் சொல்வதில்லை. எனினும் அக்கடலுக்கும் ஒரு பயிர் உண்டு. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத ஓரணுப் பாசிகள் கோடானுகோடியாக நீரில் மிதந்து, கதிரவன் ஒளியை உண்டு, தம்மையே உணவாக ஆக்கி வைக்கின்றன. அவற்றை மிதவைப் பாசிகள் என்போம். உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இந்தச் சிற்றுயிர்களால் நிகழ்கிறது. கோலசிலாங்கூர்க் கரையோரச் சேற்றில் வாழும் கெராங் சிப்பியும், இறால் குஞ்சும், நெத்திலியும் நேராகவோ சுற்றிவளைத்தோ இப்பாசியையே உண்டு வளர்கின்றன.

இயற்கை வளர்க்கும் இப்பயிரை மனிதன் தன் கையால் வளர்க்க முற்பட்டது அண்மைக் காலத்தில்தான். அம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் ஒரே போராட்டத்தின் வரலாறு. வளர்க்க விரும்பியது ஓர் உயிர். வளர்ந்து நின்றதோ வேறோர் உயிர். இந்த அயற்கலப்பை மனிதன் எவ்வாறு எதிர்கொண்டான், ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த அறிவு எவ்வாறு தமிழகத்துச் சிற்றூர் மண்பானை வரை வந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசியின் இயல்பு

பாசியின் இயல்பைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசி, கை படும்போதெல்லாம் விலகி, கையை எடுத்ததும் மீண்டும் வந்து மூடிக்கொள்வதைப் பசலைக்கு உவமையாக்கிய பாடல் குறுந்தொகையில் உள்ளதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். விலக்கினாலும் திரும்ப வருவது பாசி. பாசி வளர்ப்பவனுக்கு வரும் இடையூறும் அவ்வாறே, விலக்கினாலும் திரும்ப வருவதாகும்.

அவ்விடையூறுகள் மூவகையின. முதலாவது, பாக்டீரியா. காற்றிலும் நீரிலும் கையிலும் நிறைந்துள்ள இவை வளர்ப்பில் புகுந்து பெருகினால் நீர் கலங்கும், நாற்றம் எழும், பாசி வெளிறி அடியில் படியும். இரண்டாவது, பாசியைத் தின்னும் ஓரணு விலங்குகளும் ரோட்டிபர் எனப்படும் சக்கர உயிரிகளும். நேற்றுப் பச்சைப் பசேலென்றிருந்த குடுவை இன்று கண்ணாடி போல் தெளிந்திருந்தால், இரவோடு இரவாக மேய்ச்சல் முடிந்துவிட்டது என்று பொருள். மூன்றாவது, வேற்றுப் பாசி. இதுவே மிகவும் ஏமாற்றக் கூடியது. குடுவை பச்சையாகவே இருக்கும். ஆனால் அந்தப் பச்சை நாம் விதைத்த பச்சையாக இராது. நெல்லுக்கும் புல்லுக்கும் உள்ள வேறுபாட்டை உழவன் கண்ணால் அறிவான். இங்கோ நுண்ணோக்கி இல்லாமல் பயிர் எது, களை எது என்று அறிய இயலாது.

அடுக்களை தந்த கருவி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் கோக் எனும் செருமானிய அறிஞர் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் வழியைத் தேடினார். நீரில் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடும். கெட்டியான தளம் ஒன்றில் தெளித்தாலோ ஒவ்வோர் உயிரும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனிப் புள்ளியாய்த் தோன்றும். அப்புள்ளியைத் தொட்டு எடுத்தால் கலப்பில்லாத வளர்ப்புக் கிடைக்கும். இத்தளத்திற்கு அவர் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். அது கோடை வெப்பத்தில் உருகிப் போயிற்று. சில கிருமிகள் அதனைக் கரைத்தும் விட்டன.

இக்குறையைத் தீர்த்தவர் ஓர் இல்லத்தரசி. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி பேன்னி ஹெஸ்ஸே, தம் வீட்டில் இனிப்புக் களிகள் செய்யப் பயன்படுத்திய அகர் அகரை 1881இல் பரிந்துரைத்தார். சாவகத்தில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் வழியாக அவர் அறிந்த பொருள் அது. அகர் அகர் என்பது மலாய்ச் சொல் என்பதை இந்நாட்டு மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. பெருநாள் பலகாரத் தட்டில் நாம் காணும் அந்தக் கடற்பாசிக் களிதான் இன்றும் உலகெங்கும் நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்களில் தட்டுத் தட்டாக ஊற்றப்படுகிறது. கொதிநிலையை நெருங்கினால்தான் அது உருகும்; ஆறினால் நம் நாட்டு வெயிலிலும் கெட்டியாகவே இருக்கும்.

இதே காலத்தில் பாசியையும் தனித்து வளர்க்கும் முயற்சி வெற்றி கண்டது. 1890இல் டச்சு நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் குளோரெல்லா எனும் பசும்பாசியைக் கலப்பின்றிப் பிரித்து வளர்த்து அதற்குப் பெயரும் சூட்டினார். அவர் பிரித்தெடுத்த பாசியின் வழித்தோன்றல்கள் ஐரோப்பியப் பாசிச் சேமிப்பகங்களில் இன்றளவும் உயிரோடு பேணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கலப்பு நேராமல் காக்கப்பட்ட உயிர்ச்சொத்து அது.

கடற்பாசிகள் வளர்ப்புக்கு வந்த கதை

குளத்துப் பாசியை விடக் கடல் மிதவைப் பாசி வளர்ப்பது கடினமாயிருந்தது. பிரெஞ்சு அறிஞர் பியர் மிக்கேல் 1890களில் கடல்நீரில் உப்புச் சத்துகளைச் சேர்த்து டயாட்டம் எனும் சிலிக்காக் கூடுடைய பாசிகளை வளர்த்தார். 1910இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் ஆலனும் நெல்சனும் அம்முறையைச் செப்பம் செய்து, ஒரே இனப் பாசியை நீண்டகாலம் வளர்க்கும் வழிகளை வெளியிட்டனர். 1938இல் மேரி பார்க் எனும் அம்மையார் மேன் தீவின் கடல்நீரிலிருந்து ஐசோகிரைசிஸ் கல்பானா எனும் பொன்னிறப் பாசியைப் பிரித்தெடுத்தார். ஜப்பானில் மொத்தோசாக்கு புஜினாகா டயாட்டம் பாசியை ஊட்டி இறாலின் இளவுயிரிகளை வளர்த்துக் காட்டி, 1942இல் தம் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் ராபர்ட் கில்லார்டு வகுத்த ஊட்டக் கரைசல் 1960களிலிருந்து உலகெங்கும் பரவியது.

இவர்கள் கலப்பைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் தெளிவானது. சிப்பியின் இளவுயிரிக்கு வாய் மிகச் சிறியது. அதற்கேற்ற அளவுடைய பாசிதான் உணவாகும். வேற்றுப் பாசி புகுந்தால் தொட்டி பச்சையாய் இருக்க, இளவுயிரி பட்டினி கிடந்து மடியும். பாசியின் கலப்பு என்பது பாசியோடு நிற்பதன்று. அதனை நம்பியிருக்கும் அடுத்த உயிரின் சாவு அது.

எனவே அவர்கள் வகுத்த விதிகள் கண்டிப்பானவை. கடல்நீரை வடிகட்டிக் கொதிக்க வைத்தல் அல்லது வெளுப்புக் கரைசலால் கிருமி நீக்கிப் பின் அந்த வெளுப்பின் நஞ்சை முறித்தல். குமிழ்க்காற்றைப் பஞ்சு வழியே செலுத்துதல். தாய் வளர்ப்பைச் சிறு குடுவைகளில் தனி அறையில் காத்தல். அதிலிருந்து சிறு குடுவை, பெருங்குடுவை, தொட்டி எனப் படிப்படியாய்ப் பெருக்குதல். தொட்டியில் கெட்டுவிட்டால் அதனைத் திருத்த முயலாமல் கொட்டிவிட்டுத் தாயிலிருந்து மீண்டும் தொடங்குதல். ரோட்டிபர் தொட்டியில் நனைந்த குழாயும் கையும் பாசி அறைக்குள் நுழையலாகாது என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

ஆயினும் வரலாறு மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. முழுக்க முழுக்கச் செயற்கையாய்ச் செய்த கடல்நீரில் தம் டயாட்டங்கள் நன்கு வளரவில்லை என்பதையும், இயற்கைக் கடல்நீர் சிறிது சேர்த்தால் செழிப்பதையும் ஆலன் கண்டார். பிற்காலத்தில் பாசிகள் பலவற்றுக்கு உயிர்ச்சத்து பி12 இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று. அச்சத்தைப் பாசிகளுக்கு அளிப்பவற்றுள் பாக்டீரியாவும் உண்டு என்று 2005இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பகையென்று விரட்டியவற்றுள் துணையும் இருந்தது. ஆகவே தூய்மை என்பது எல்லா உயிரையும் ஒழிப்பதன்று. எதை நீக்குவது, எதைப் பொறுப்பது என்று அறிந்து நடப்பதாகும்.

தூத்துக்குடியில் பாசி அறை

இவ்வறிவு தமிழ்க் கடற்கரைக்கு வந்த கதையை நாம் சிறப்பாக அறிதல் வேண்டும். முத்துக்குப் பெயர் பெற்ற மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இந்தியப் பகுதியின் கடைசி முத்துக்குளிப்பு. அதன்பின் பார்களில் சிப்பி வளம் குன்றிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கு. அழகர்சாமியும் அவர்தம் குழுவினரும் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். முத்து கிடைத்தது, ஆனால் சிப்பிக்குக் கடலையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பிறப்பித்து வளர்த்தாலன்றித் தொழில் நிலைக்காது.

1981இல் அதுவும் கைகூடிற்று. அவ்வெற்றியின் பின்னணியில் இருந்தது முத்தன்று, பாசி. மேன் தீவில் பிரிக்கப்பட்ட அதே ஐசோகிரைசிஸ் இனப்பாசியே முத்துச்சிப்பியின் இளவுயிரிகளுக்கு உணவாயிற்று. பாசி அறையில் ஒரு குடுவை கெட்டால் தொட்டியில் மிதக்கும் இலட்சக்கணக்கான இளவுயிரிகளும் கெடும். கொற்கை முத்தின் பெருமை பேசும் நாம், அதன் மறுபிறப்பு பஞ்சடைத்த கண்ணாடிக் குடுவை ஒன்றின் தூய்மையில் தங்கியிருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

மண்பானைக்கு வந்த அறிவு

தூத்துக்குடி முறைக்குக் குளிரூட்டிய அறையும் கண்ணாடிக் கலமும் பயின்ற ஆளும் தேவை. குடிசையில் வாழ்வோருக்கு அது எட்டுமா? இவ்வினாவை எழுப்பியவர் சி.வி. சேஷாத்ரி (1930-1995). வேதிப் பொறியியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1977இல் சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி நடத்தினார். அவரோடு பாசியியல் அறிஞர் ஜீஜி பாய் பணியாற்றினார். பாசியியலில் சென்னைக்கு முன்னமே ஒரு மரபு இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மா.ஒ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886-1963) தொடங்கிய அம்மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பசும்பாசிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டிருந்தார். களை எது, பயிர் எது என்று சொல்லும் கண் அங்கே இருந்தது.

அவர்கள் தேர்ந்த பயிர் ஸ்பைருலினா எனும் சுருள்பாசி. இன்று அறிவியலார் இதனைப் பாக்டீரியா வகையில் சேர்ப்பினும் பாசி என்ற வழக்கு நிலைத்துவிட்டது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் கனெம்பு இனப் பெண்கள் இதனை வடித்தெடுத்து வெயிலில் உலர்த்தி உண்டு வருகின்றனர். மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியில் இதனை அள்ளி உண்டதைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியர் எழுதி வைத்துள்ளனர். அப்பெண்கள் எவரும் கிருமி நீக்கவில்லை; பஞ்சடைக்கவில்லை. ஆயினும் கலப்பு பெரிதாக நேரவில்லை. ஏன்? பாசி அள்ளப்பட்ட அந்நீர்நிலைகளின் நீர் கடுமையான உவர்க்காரம் உடையது. அந்நீரில் பிற பாசிகள் தழைக்க மாட்டா; சுருள்பாசியோ அதிலேதான் தழைக்கும்.

இங்கே இரண்டாவது வழி புலனாகிறது. முதல் வழி, வெளியார் நுழையாமல் கதவடைப்பது. இரண்டாம் வழி, வெளியார் நுழைந்தாலும் தங்க முடியாதபடி வீட்டை அமைப்பது. பனையேறியவர் இதனை என்றோ அறிவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிடின் கள். சுண்ணாம்பின் காரம் புளிப்பேற்றும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது. சுண்ணாம்பு கலயத்தில் செய்யும் காவலைச் சுருள்பாசிப் பானையில் சமையல் சோடா செய்கிறது.

சேஷாத்ரியின் மையம் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்த முறை எளியது. 35 முதல் 40 லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்துவரை நிலத்தில் புதைப்பர். நீரில் சமையல் சோடா, உப்பு, பாஸ்பேட்டு உரம் ஆகியவற்றையோ சாண எரிவாயுக் கலத்தின் கழிவுநீரையோ சேர்ப்பர். தூய சுருள்பாசி சிறிது உறையாக இடுவர். வெயில் படும்படி வைத்து நாளுக்கு மூன்று நான்கு முறை கலக்குவர். மூன்று நான்கு நாளில் நீர் அடர்பச்சையாகும். துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி, துவையலிலோ பருப்பிலோ சேர்ப்பர். தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்த கைக்கு இது புதிய கலையன்று. உறைமோர் நல்லதாயிருந்தால் தயிர் நன்றாயிருக்கும் என்பதுதானே இதன் அடிப்படை?

இம்முயற்சியில் பெரிதும் கருதப்பட்டது குழந்தைகளின் கண். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் விழி வறண்டு வெண்புள்ளி தோன்றும். முற்றினால் பார்வையே போகும். சுருள்பாசியில் அச்சத்தாக மாறும் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளும் ஒரு கிராம் சுருள்பாசி ஊட்டியபோது விழிப்புள்ளி கண்டோர் தொகை வெகுவாகக் குறைந்ததாக 1990களின் தொடக்கத்தில் அம்மையம் அறிவித்தது. குழந்தையின் வாய்க்குச் செல்லும் பொருளாதலின் பானையில் வளர்வது எது என்ற வினா உயிர் வினா ஆகிறது. நீலப்பசும்பாசிகளில் நஞ்சுடையனவும் உள. சாணக் கழிவுநீரோடு நோய்க்கிருமி புகவும் கூடும்.

காரம் மட்டும் காக்காது

உவர்க்காரம் வலிய அரண். ஆயினும் முற்றரண் அன்று. சோடா குறைந்து காரம் தணிந்தால் குளோரெல்லா போன்ற பசும்பாசி தலைகாட்டும். அது சுருளாய் இராமல் நுண்துகளாய் இருப்பதால் துணியின் கண் வழியே ஒழுகி மீண்டும் பானைக்கே திரும்பும். ஒவ்வோர் அறுவடையிலும் சுருள்பாசி குறைய, களை அப்படியே எஞ்சும். மற்றொரு வியப்பு, சுருள்பாசியே சுருள் நீங்கி நேரிழையாய் மாறுவது. 1980இல் ஜீஜி பாயும் சேஷாத்ரியும் இச்சுருளும் நீட்சியும் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நேரிழை துணியில் எளிதில் தங்காது. வடித்து வடித்து எடுக்கையில் அதுவே பானையில் மிகும். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. உள்ளிருந்தே பயிர் மாறிவிட்டது. தாய் வளர்ப்பை அடிக்கடி நுண்ணோக்கியில் பார்த்து, நற்சுருள்களை மட்டும் பொறுக்கிப் பேணுதல் இதனால் இன்றியமையாததாயிற்று.

பாசியை மேயும் அமீபாக்கள் பெருகும்போது வளர்ப்போர் சிறிதளவு அமோனியா சேர்ப்பதுண்டு. காரநீரில் அது அவ்வுயிர்களுக்கு நஞ்சாகும். அளவு மிஞ்சினால் பாசிக்கும் நஞ்சாகும். இதனைப் படிக்கும் வட சிலாங்கூர்த் தோட்டத்து மாணவருக்குத் தம் பாட்டி தாத்தாவின் நினைவு வரலாம். ரப்பர்ப் பால் ஆலை சேருமுன் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பது வழக்கம். பாலை உறையச் செய்வதில் பாக்டீரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. மங்கைத் துடைத்து, வாளியைக் கழுவி, ஒட்டுப்பாலைத் தனியே பிரித்த பால்மரத் தொழிலாளர் நுண்ணுயிர்க் கலப்போடு நாள்தோறும் போரிட்டவர்களே. அவ்வறிவுக்கு எவரும் பட்டம் வழங்கவில்லை. எனினும் அது அறிவே.

கலப்பும் பயனாகும் இடம்

இவ்வரலாற்றின் கடைசிக் கண்ணி நம் நாட்டிலேயே உள்ளது. ரப்பர் ஆலைகளும் செம்பனை ஆலைகளும் வெளியேற்றிய கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்ச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிகள் வகுக்கப்பட்டன. அதன்பின் கழிவுநீரைக் குளங்களில் தேக்கித் தூய்மைப்படுத்தும் முறை பரவியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பாங் சியூ மொய் அம்மையார் இத்தகைய கழிவுநீரில் பாசி வளர்த்து அதன் சத்தை மீட்கும் ஆய்வுகளில் முன்னின்றார். அப்பல்கலைக்கழகத்தின் பாசிச் சேமிப்பகம் 1987இல் தொடங்கப்பட்டது.

கழிவுநீர்க் குளத்தில் ஒரே பாசியைக் காக்க வேண்டியதில்லை. அங்கே பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. பாசி அச்சத்தை உண்டு உயிர்வளியைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நீர் தெளியும். சிப்பிக் குஞ்சின் தொட்டியில் பகையானது இங்கே பங்காளி ஆகிறது. மாசு என்பது ஒரு பொருளின் பிறவிக்குணம் அன்று. இடமறிந்தே மாசையும் துணையையும் பிரித்துச் சொல்ல முடியும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நாம் தெளிவது யாது? மிதவைப் பாசி வளர்ப்பில் மனிதன் கண்ட காவல் மூன்று. கதவடைத்துக் காத்தல் தூத்துக்குடியில் முத்துச்சிப்பியை வாழ்வித்தது. நிலத்தைப் பயிருக்கேற்பப் பண்படுத்திக் காத்தல் மண்பானையைப் பயிர்நிலம் ஆக்கியது. நாள்தோறும் கண்கொண்டு நோக்கிக் காத்தல் இவ்விரண்டுக்கும் அடித்தளமாய் நின்றது. முதலிரண்டும் இடத்திற்கேற்ப மாறும். மூன்றாவது எங்கும் மாறாது.

பள்ளியின் சாளரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியும், மேசையில் ஒரு நுண்ணோக்கியும் இருந்தால் இவ்வரலாற்றை மாணவர் தம் கண்ணாலேயே காணலாம். இரு புட்டிகளில் ஒரே பாசியை இட்டு, ஒன்றைக் காத்தும் மற்றொன்றைத் திறந்தும் வைத்து, நாள்தோறும் ஒரு துளி எடுத்துப் பார்த்துக் குறிப்பெழுதச் செய்க. அவ்வாறு வளர்த்ததை உண்ண வேண்டா. பார்த்துக் கற்றாலே போதும். அக்குறிப்பைத் தமிழில் எழுதச் செய்தல் தமிழாசிரியர் கடன். அகர் அகரும் உறைமோரும் சுண்ணாம்புக் கலயமும் அமோனியா வாளியும் நம் வீட்டிலும் தோட்டத்திலும் புழங்கிய பொருள்கள். அவற்றின் வழியே அறிவியலைச் சொல்லும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. அதனைச் சொல்லிப் பழக்குவதே இனி நம் பணி.